விருந்தாளிகளுக்கான கழிப்பறை

திருவரங்குளத்துக்கு அப்பால், தைலமரக் காட்டை ஒட்டிய கொட்டகையில் சொர்ணவல்லி நாப்கின் தைத்துக்கொண்டிருந்தாள். துவைத்துத் திரும்பப் பயன்படுத்தும் துணி நாப்கின். கிராமத்துப் பெண்களுக்கு வேலையும் சுகாதாரமும் சேர்த்துக் கொடுப்பதாகச் சொல்லி பிரவீன்குமார் தொடங்கிய நிறுவனம். பின்னால் டைல்ஸ் பதித்த கழிப்பறை உண்டு. பார்வையிட வருகிறவர்களுக்காக அது எப்போதும் பூட்டியே இருக்கும். தைக்கிற பெண்கள் காட்டுக்குள் போவார்கள்.

போன வாரம் மரங்களை வெட்டி லாரியில் ஏற்றிவிட்டார்கள். இப்போது பஸ் ரோடு வரைக்கும் வெட்டவெளி.

இன்று அவளுக்கு இரண்டாம் நாள். காலையில் வைத்த துணி நனைந்து தொடையில் ஒட்டியது. நாற்பத்தைந்து வயதில் இப்படித்தான் கொட்டுகிறது.

"தம்பி, சாவியக் குடுங்க" என்று பிரவீன்குமாரிடம் கேட்டாள்.

"ஃபண்ட் குடுக்கிறவங்க வர்ற நேரம்க்கா. இப்பத்தான் கழுவி வச்சிருக்கு. கொஞ்சம் பொறுத்துக்குங்க. நீங்கதான் பேசணும், ஞாபகமிருக்குல்ல? 'என் வாழ்க்கையே மாறிருச்சு'ன்னு."

பொறுத்துக்கொண்டாள். அவன்மேல் வந்ததைவிடத் தன்மேல் வந்த ஆத்திரம்தான் அதிகம். எத்தனை போட்டோவில் நாப்கினை நெஞ்சுக்கு நேரே பிடித்துச் சிரித்திருக்கிறாள்! யாரும் மிரட்டவில்லை. நல்லவள் என்பார்களே, அதற்காகச் சிரித்தாள்.

"என்னடி மொகம் உர்ருனு இருக்கு?" என்றாள் பக்கத்து மிஷின் மூக்காயி. "சிரிடி. பல்லுக்குத்தான ஒனக்குச் சம்பளம்."

கார் வந்தது. இறங்கிய அம்மாள் முதலில் கேட்டதே கழிப்பறையைத்தான். பிரவீன்குமார் ஓடிப்போய்த் திறந்துவிட்டான். அவள் வெளியே வந்து, "ரொம்ப சுத்தமா வச்சிருக்கீங்க" என்றாள்.

"எல்லாம் நம்ம அக்காங்கதான் மேடம்."

சொர்ணவல்லி எழுந்தாள். தைத்த குவியலிலிருந்து ஒன்றை எடுத்து, முந்தானைக்குள் மறைக்காமல், அவர்களுக்கு நடுவே நடந்து உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

கதவு தட்டப்பட்டது. "அக்கா, மேடம் காத்திருக்காங்க..."

"பொறுத்துக்கச் சொல்லுங்க தம்பி."

குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். கோபம் அடங்கவில்லை. அடங்கவும் வேண்டாம் என்று நினைத்தாள்.

"தள்ளுங்க தம்பி, அடுத்து நானு" என்று வெளியே மூக்காயியின் குரல் கேட்டது.

கதவைத் திறந்தபோது கொண்டியில் பூட்டு சாவியோடு தொங்கியது. கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, மூக்காயிக்கு வழிவிட்டாள்.

"எங்கிட்டு நின்னு பேசணும் தம்பி?" என்று கேட்டாள்.