ஆறு மணிக்கு முதல் நிமிஷம்

இன்னார் இறந்துவிட்டார் என்று வானொலியில் சொல்ல, ஒரு சொல்லுக்கு இரண்டு டீயின் விலை. 'அன்பு', 'பாசமிகு' என்று முன்னால் எதையாவது ஒட்டினால் அதற்கும் தனியாக எண்ணுவார்கள். பன்னிரண்டு சொல்லுக்குக் குறைந்து அந்த ஊரில் எவரும் சாக முடியாது. இந்த விலையைப் போட்டவர் எஃப்.எம். நிலையத்தின் விளம்பரப் பிரிவுக்காரர். காற்றை நொடிக்கணக்கில் விற்பதால் அவருக்கு நொடிக்காரர் என்று பெயர். பருப்புக் கடையில் பிறந்து மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்தவர். வாசலில் ஏறும் ஆளின் செருப்பைப் பார்த்து, அவர் எந்த விலைக்குப் படிவார் என்று சொல்லிவிடுவார்.

அந்தச் சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு நொடிக்காரரின் அப்பா இறந்துபோனார். தாம் அச்சடித்த இரங்கல் படிவத்தை முதல் தடவையாக எழுத எடுத்தார் நொடிக்காரர். பேனா மூடியைக் கழற்றினார். மறுபடி மூடினார்.

"பெரியவனுக்குச் சொல்லிட்டியா?" என்றாள் அத்தை. அப்பாவின் தங்கை. அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு, வீட்டின் பொறுப்பைக் கையில் எடுத்திருந்தாள்.

"எப்படி அத்தை சொல்றது? அவன் நம்பர் யார்கிட்ட இருக்கு?"

"ஊர்ச் சாவையெல்லாம் நீதானே சொல்றே. உன் வீட்டுச் சாவைச் சொல்ல வழி தெரியலையா? நாளைக்கு நாலு மணி வரைக்கும் வெச்சிருக்கலாம். ஐஸ் பெட்டிக்காரன் அதுக்கு மேல ஆகாதுன்னுட்டான். பெரியவன் வரணும். உங்கப்பன் கடைசியா கேட்டது அவனைத்தான்."

பெரியவன் இருந்தது வளைகுடாவுக்கு அந்தப் பக்கம், உப்பளத்தில். லாரிகளை எடை போடும் மேடையில் வேலை. நேர்கோட்டில் இருநூற்று நாற்பது கிலோமீட்டர் தண்ணீர். தரை வழியாகச் சுற்றினால் இரண்டு நாள். அங்கே செல்போன் கோபுரம் கிடையாது. உப்புக் கம்பெனி அலுவலகத்தின் தொலைபேசி பூட்டிய அறைக்குள் அடித்து ஓய்ந்தது. சனி, ஞாயிறு விடுமுறை. ஆனால் அங்கிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு படகு கிளம்பும். மூன்று மணிக்கு இந்தக் கரை. ஆகவே கணக்கு எளிது: ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குள் அண்ணன் காதில் விழுந்தால் அப்பாவின் முகத்தைப் பார்க்கலாம். இல்லையென்றால் இல்லை.

நொடிக்காரர் பைக்கை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனார்.

எஃப்.எம். என்றால் அறுபது எழுபது கிலோமீட்டரில் மூச்சு வாங்கும். இந்த நிலையத்தின் கோபுரம் மலை உச்சியில் நின்றதால் அதன் குரல் நூற்றைம்பது போகும். காற்றில்லாத விடியற்காலையில் கடலை ஒட்டிக் குளிர்ந்த காற்றும் அதன் மேல் வெதுவெதுப்பான காற்றும் அடுக்காகப் படுத்திருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவே குரல் புகுந்துகொண்டால் குழாய்க்குள் ஓடும் தண்ணீர்போல நேராக அக்கரைக்கே போய்ச் சேர்ந்துவிடும். இதையெல்லாம் அளந்து எழுதுபவர் கோபுரத்தடி அறையில் குடியிருக்கும் டெக்னீஷியன். மீட்டர் என்று பெயர். பதினெட்டு வருஷமாக ஊசிகளோடு மட்டும் பேசிப் பழகிய மனிதர்.

"அக்கரையில நாளைக்குக் காலையில கேக்குமா?"

மீட்டர் ஜன்னல் வழியே கடலைப் பார்த்தார். "காத்து விழுந்துடுச்சு. கேக்கும். ஆனா ஒரு நிமிஷம்தான்."

"ஏன் ஒரு நிமிஷம்?"

"நாம ஆறு மணிக்குத் திறக்கறோம். அந்தக் கரையில இதே அலைவரிசையில ஒரு சின்ன நிலையம் இருக்கு. அவன் ஆறு ஒண்ணுக்குத் திறக்கறான். எஃப்.எம்.ல ரெண்டு குரல் கலக்காது, நொடி. பக்கத்துல இருக்கறவன் தூரத்துல இருக்கறவனை முழுசா முழுங்கிடுவான். அவன் கண்ணைத் தேச்சுக்கிட்டு எழுந்திரிக்கற வரைக்கும் அந்த ஊரு நம்ம ஊரு."

நொடிக்காரர் சுவரைப் பார்த்தார். அங்கே தூரத்து நேயர்களின் கடிதங்கள் வரைபடத்தில் குத்தப்பட்டிருந்தன. கடலுக்கு அப்பால் ஒரே ஊசியில் எட்டு அஞ்சலட்டைகள். வருஷத்துக்கு ஒன்று, கையெழுத்தில்லாமல். எல்லாவற்றிலும் ஒரே வரி: 'உப்பளத்தில் காலை ஆறு மணி மெத்தை விளம்பரம் தெளிவாகக் கேட்கிறது.'

முதல் அட்டை வந்த அன்றே நொடிக்காரருக்குத் தெரியும். ஆறு என்ற எண்ணின் வாலை அப்படி இழுத்து விடுபவர் உலகத்தில் ஒருவர்தான். பருப்புக் கடைச் சிட்டையில் இருபது வருஷம் பார்த்த வால். அந்த மெத்தை விளம்பரத்தைப் பேசியதும் வேறு யாருமில்லை, குரல் கலைஞருக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடிக்க நொடிக்காரரே பேசியது. அண்ணன் எட்டு வருஷமாகக் கேட்டது எந்தச் சரக்கை என்று புரிந்தும், நொடிக்காரர் பதில் போடவில்லை. அட்டையை நகலெடுத்து மெத்தைக் கடை முதலாளியிடம் காட்டி, "கடல் தாண்டிக் கேக்குறாங்க பாருங்க" என்று அந்த நிமிஷத்தின் வாடகையைக் கால் பங்கு ஏற்றினார்.

பதில் போடாததற்குக் காரணம் பருப்புக் கடையின் இரண்டு கிலோ எடைக்கல். இரும்புக் கல்லின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் ஈயத்தை ஊற்றி அளவைச் சரிசெய்து அரசாங்க முத்திரை குத்துவார்கள். அந்த ஈயத்தில் பாதியை யாரோ சுரண்டியிருந்தார்கள். ஆய்வாளர் வந்து கல்லைக் கவிழ்த்தார். ஊரே பார்த்தது. "யாருடா?" என்றார் அப்பா. சின்னவன் வாயைத் திறக்கவில்லை. கண்ணை மட்டும் திருப்பி அண்ணனைப் பார்த்தான். அண்ணன் தம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டார். மறுநாள் படகில் போனவர்தான். ஒன்பது வருஷம்.

போன வியாழக்கிழமை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அப்பாவிடம் நொடிக்காரர் உண்மையைச் சொல்லிவிட்டார். அப்பா மேலே சுற்றும் விசிறியைப் பார்த்தபடி சொன்னார்.

"எனக்கு அப்பவே தெரியும்னு நான் சொன்னா உனக்கு வசதியா இருக்கும். தெரியாதுடா. அவனை வரச் சொல்லு."

ஆறு மணி முதல் நிமிஷம் என்ன விலையானாலும் வேண்டும். ஆனால் அது நொடிக்காரர் கையில் இல்லை. மெத்தைக் கடைக்கு ஆண்டுக் குத்தகை. 'அந்த அறுபது நொடியில் வேறு எவர் சரக்கும், எவர் செய்தியும் வரக்கூடாது' என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. விற்பனை நேர்த்திக்காக நொடிக்காரரே சேர்த்த வரி.

மெத்தைக் கடையில் முதலாளி இலவம்பஞ்சு மூட்டைக்குள் கை விட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தார். மேசைக் கண்ணாடிக்குக் கீழே எட்டு அஞ்சலட்டைகளின் நகலும் வரிசையாக இருந்தன.

"வாங்க. வாடகையை ஏத்த வந்திருந்தா அப்படியே திரும்பிடுங்க. போன வருஷம் ஏத்துனதே இன்னும் வயித்துல நிக்குது."

"ஒரு நாள், அந்த ஒரு நிமிஷம் எனக்கு வேணும், முதலாளி. விலை சொல்லுங்க."

முதலாளி கையை வெளியே எடுத்தார். விற்பவன் திரும்ப வாங்க வருகிறான் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா? "அப்போ அந்த நிமிஷத்துல ஏதோ மதிப்பு ஏறியிருக்கு. யாரு கேக்கறா? எதிர்க் கடைக் கட்டில்காரனா?"

"இல்லை."

"உங்க தொழில்ல 'இல்லை'ன்னா 'இருக்கு, விலை கூட'ன்னு அர்த்தம்."

"அப்பா இன்னிக்குப் போயிட்டாரு, முதலாளி."

முதலாளி ஒட்டியிருந்த பஞ்சைத் துடைத்துக்கொண்டு முக்காலியை இழுத்துப் போட்டார். நொடிக்காரர் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். ஈயத்தைச் சுரண்டியதையும் சொன்னார். தாம் வாழ்நாளில் எந்தச் சரக்கின் குறையையும் இவ்வளவு முழுதாகச் சொல்லி விற்றதில்லை என்று நடுவில் தோன்றியது.

முதலாளி கண்ணாடிக்குக் கீழே இருந்த அட்டைகளைக் குனிந்து பார்த்தார். "கடலுக்கு அந்தாண்ட எனக்கு ஒரு வாடிக்கைக்காரர் இருக்கார்னு சம்பந்தி வீட்டுலகூட சொல்லியிருக்கேன். எட்டு வருஷமா அவர் என் மெத்தையைக் கேக்கவே இல்லை."

"மன்னிச்சிடுங்க."

"அதுக்கும் சேத்துக் கால் பங்கு வாங்கிட்டீங்க."

"ஆமா."

"நல்ல வியாபாரிதான்." முதலாளி சிரிக்கவில்லை. "நிமிஷத்தை விக்க மாட்டேன். சாவுக்குக் காசு வாங்குறது உங்க பட்டியல்ல இருக்கலாம், என்கிட்ட இல்லை. கடனாத் தர்றேன். ஒரு நிமிஷம் திருப்பிக் கொடுத்துடணும்."

"கொடுத்துடறேன்."

"இன்னொண்ணு. எடுத்த எடுப்புல சாவைச் சொல்லாதீங்க. அவர் காத்துக்கிட்டு இருக்கறது மெத்தைக்கு. பழகின குரல் பழகின மாதிரி வரலைன்னா, வேற நிலையம் போலன்னு ரேடியோவைத் திருப்பிடுவாரு. கடைக்கு வர்ற ஆளை முதல்ல உள்ள கூப்பிடணும். உக்காந்த பிறகுதான் சேதி. மெட்டையும் முதல் ரெண்டு வரியையும் போட்டுடுங்க. அப்புறம் சொல்லுங்க."

நொடிக்காரர் யோசித்தார். வியாபாரக் கணக்கில் அதில் ஒரு பிழையும் இல்லை. அவராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார். "சரி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கே ஒலிபரப்பு அறையில் உட்கார்ந்தார். எழுதிக்கொண்டு வந்த தாளில் இருபத்தெட்டுச் சொற்கள். பழக்க தோஷம், எண்ணிவிட்டார். மலையிலிருந்து மீட்டரின் குரல் உள்தொடர்பில் வந்தது: "கடல் கண்ணாடி மாதிரி இருக்கு. போகும்."

ஆறு அடித்தது. மெட்டு ஆறு நொடி ஓடியது. நொடிக்காரர் எட்டு வருஷப் பழக்கத்தின் அதே இழுப்போடு பேசினார்.

"இரவெல்லாம் புரண்டு புரண்டு படுக்கிறீர்களா? இன்று முதல் நிம்மதியாக உறங்குங்கள்." ஒரு மூச்சு. "அண்ணே, தம்பி பேசறேன்."

அதற்கு மேல் தாள் தேவைப்படவில்லை.

"அப்பா நேத்துப் பகல்ல போயிட்டாரு. ஈயத்தைச் சுரண்டினது நான்னு வியாழக்கிழமை அவர்கிட்டச் சொல்லிட்டேன். உன்னை வரச் சொன்னாரு. ஏழு மணிப் படகைப் பிடி. நாலு மணி வரைக்கும் வெச்சிருக்கோம். உன்னை எதிர்பார்த்துப் படகுத்துறையில நிக்கறேன். அண்ணே, வந்துடு."

ஐம்பத்தொன்பதாவது நொடியில் ஒலிவாங்கியை மூடினார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அறிவிப்பாளர் பெண் அடுத்த பாட்டைப் போட மறந்து உட்கார்ந்திருந்தாள்.

மூன்று மணிக்குப் படகு வந்தது. மூட்டைகள் இறங்கின. இரண்டு பெண்கள், ஒரு குழந்தை, உப்புப் பூத்த பூட்ஸோடு நான்கு ஆட்கள். அவர்களில் அண்ணன் இல்லை. படகோட்டியிடம் விசாரித்தார். "எடைமேடைக்காரரா? காலையில துறைப்பக்கமே வரலையே" என்றான். காலியான துறைப் பலகையில் நொடிக்காரர் இன்னும் கால் மணி நேரம் நின்றார்.

"கேட்டும் வரலைன்னா அது அவன் கோபம். அதைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை" என்றாள் அத்தை. நாலு மணிக்கு எடுத்தார்கள். நாலே காலுக்கு என்றுகூடச் சொல்லலாம். அத்தைதான் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று பிடித்து வைத்திருந்தாள்.

எட்டு நாள் கழித்து, திங்கட்கிழமை அஞ்சலட்டை வந்தது. இந்தத் தடவை நிலையத்தின் பெயருக்கு இல்லை.

'தம்பிக்கு. போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி மெத்தை விளம்பரம் வழக்கம்போலத் தெளிவு. இரண்டு வரி ஆனதும் "அண்ணே, தம்பி பேசறேன்" என்றாய். அதோடு இந்த ஊர் நிலையம் வந்து மூடிவிட்டது. அன்றைக்கென்று அவர்கள் சீக்கிரம் எழுந்துவிட்டார்கள். நான் ரேடியோவைத் திருகிப் பார்த்தேன், கூரை மேல் ஏறிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ஒன்பது வருஷம் கழித்து அவ்வளவு தூரத்திலிருந்து கூப்பிட்டாய் என்றால் நல்ல சேதியாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். எடைமேடையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். என்ன சேதி என்று எழுது. அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது?'

நொடிக்காரர் நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். மெட்டு ஆறு நொடி. மெத்தை பன்னிரண்டு நொடி. மெத்தைக் கடை முதலாளியைக் குற்றம் சொல்லத் தோன்றவில்லை. வாசலில் கூப்பிட்டு உட்கார வைத்துச் சேதி சொல்வது அவர் தொழில். சரி என்று தலையாட்டியதும் ஒரு வியாபாரிதான்.

"கடிதம் போடலாமே" என்றார் மீட்டர், தொலைபேசியில்.

"அது போகட்டும். நான் போறேன்."

"அங்க போய் என்ன சொல்லப் போறே?"

"மிச்சத்தை."

மறுநாள் படகுக்குச் சீட்டு வாங்கி வைத்துவிட்டு, விளம்பரப் பதிவேட்டைத் திறந்தார். அண்ணனிடம் பேசிய ஞாயிற்றுக்கிழமைக்கு எதிரே இருந்த கட்டம் காலியாக இருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு எதிரே, மெத்தைக் கடைக்கு ஒரு நிமிஷம், கடன் திருப்பம் என்று முதலில் எழுதினார். பிறகு காலிக் கட்டத்துக்கு வந்து, பருப்புக் கடைச் சிட்டைபோல ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார்.

அண்ணனுக்கு அனுப்பியது: அறுபது நொடி.
போய்ச் சேர்ந்தது: இருபது.
பாக்கி: நாற்பது.