அக்கா சொல்லாத பெயர்

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஷெட்லாந்தின் வடகோடியில் இருக்கும் எங்கள் தீவில், ஹாலோவீன் பண்டிகை ராத்திரி முகத்தை மூடிக்கொண்டு வருகிறவருக்கு யாரும் கதவைச் சாத்தக் கூடாது. எவ்வளவு பெரிய பகையானாலும் சரி. அதை நம்பித்தான் ஐம்பத்தெட்டு வயதில் நான் வைக்கோல் பாவாடை கட்டி, தலையில் வைக்கோல் கூம்பு வைத்து, முகத்தில் வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டுக்கொண்டு காற்றில் தள்ளாடிப் போனேன்.

அதே வேஷத்தில் கூட வந்தவன் படகோட்டி லௌரி. "நெசமாவே மிமி அக்கா வீட்டுக்கா, ஓஸ்லா? அடி விழுந்தா நான் பொறுப்பில்ல" என்றான்.

"வாய மூடிக்கிட்டு நடடா."

மிமி என் கூடப்பிறந்த அக்கா. அக்கா வீட்டுக்கும் தங்கை வீட்டுக்கும் நடுவே ஒரு கற்சுவர்தான். மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. என் நாய் அவளுடைய சினையாடுகளை விரட்டியது, இரண்டு செத்தன. அவள் புருஷன் மான்சி அத்தான் துப்பாக்கியை எடுத்து நாயைச் சுட்டுவிட்டார். சட்டப்படி சரியாம். சட்டம் கிடக்கட்டும் குப்பையில், என்னிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? அவளோ, நான் வந்து ஆட்டுக்கு மன்னிப்புக் கேட்கட்டும் என்று இருந்தாள். எங்கள் அப்பா வீம்பை மட்டும் இருவருக்கும் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

இப்போது மிமிக்கு இருதய ஆபரேஷன். வெள்ளிக்கிழமைக் கப்பலில் அபர்டீன் ஆஸ்பத்திரிக்குப் போகிறாளாம். கூடப்பிறந்தவளின் சேதி, உருளைக்கிழங்கு வாங்கப்போன கடையில் எனக்குத் தெரிகிறது! தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே, கிழங்கை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன். அவள் திரும்பி வராமலே போய்விட்டால்? அதற்குமுன் ஒரு தடவை அவளோடு பேசிவிட வேண்டும்.

ஆனால் இந்த முகமூடி விளையாட்டில் ஒரு சட்டம் உண்டு. வீட்டார் நம் பெயரைச் சரியாகச் சொன்னால்தான் துணியை எடுக்கலாம், உட்கார்ந்து சாப்பிடலாம். சொல்லாவிட்டால் வந்தபடியே திரும்ப வேண்டியதுதான். நாமாகவே முகத்தைக் காட்டுவதைச் சின்னப்பிள்ளைகூடச் செய்யாது. ஆக, அவள் வாயால் என் பெயர் வந்தாக வேண்டும்.

அத்தான்தான் கதவைத் திறந்தார். உள்ளே டர்னிப் கிழங்கைக் குடைந்து செய்த விளக்கு எரிந்தது. மிமி அடுப்போரம் கம்பளியைப் போர்த்தி உட்கார்ந்திருந்தாள். ஆள் பாதியாகிவிட்டிருந்தாள். துணிக்குள்ளேயே எனக்கு அழுகை வந்தது.

"டேய் லௌரி, டீசல் நாத்தம் கொடலப் புடுங்குது. எடுடா துணிய!" என்றாள், நாங்கள் நுழைந்தவுடனே. அவன் சிரித்துக்கொண்டே உப்புக்கண்ட சூப்புக்கு உட்கார்ந்துவிட்டான்.

அப்புறம் என்னைப் பார்த்தாள். தலையிலிருந்து கால்வரை. ஒன்பது வயதில் முறிந்த என் இடது கால் கோணலாகத்தான் நிற்கும். அன்றைக்கு என்னை முதுகில் சுமந்து வீடு சேர்த்தவளே அவள்தான்.

"யாருன்னு தெரியலயே. கிரிசெல்லா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"போஸ்ட் ஆபீஸ் இங்காவா? இல்ல, அவ இத்தன குண்டு இல்ல."

லௌரிக்குப் புரையேறியது. மிமி விடவில்லை. டீச்சரா, பாதிரியாரா, பாதிரியார் பெண்டாட்டியா என்று ஊரில் உள்ள அத்தனை பெயரையும் சொன்னாள். போன வருடம் செத்தவர் பெயரையும் சொன்னாள். என் பெயர் மட்டும் வரவில்லை.

"பேசித் தொலையேன். வாயில என்ன கொழுக்கட்டையா?"

குரல் தெரியாமலிருக்க நாங்கள் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே பேசுவோம். அப்படியே, "கண்டுபுடிங்க" என்றேன்.

"ம்ஹூம். தெரியல."

"போதும்டி மிமி" என்றார் அத்தான், தரையைப் பார்த்தபடி.

"நீங்க சும்மா இருங்க. விளையாட்டுக்கு நடுவுல வராதீங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாகக் கிடக்கும்போதும் என் பெயர் அவ்வளவு கசக்கிறதா இவளுக்கு? சரி, நீயே ஜெயித்துக்கொள் என்று திரும்பி, கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்தேன்.

"இரு, போகாத" என்றாள். அந்தக் குரலில் கிண்டல் இல்லை.

"பேரச் சொன்னா துணிய எடுத்துருவா. மூஞ்சியப் பாத்தா ரெண்டு பேருக்கும் நாயும் ஆடும்தான் ஞாபகம் வரும். மறுபடி வாய் நீளும், கோவிச்சுக்கிட்டுப் போயிருவா. பேர் சொல்லாம இருந்தா, இன்னும் கொஞ்ச நேரம் இங்கயே நிப்பாள்ல. அதான்."

அவள் இதை அத்தானிடம் சொல்வதுபோலத்தான் சொன்னாள். கண் மட்டும் என் கோணல் காலிலேயே இருந்தது.

துணியையும் கூம்பையும் பிடுங்கி எறிந்தேன்.

"அய்யய்யோ, தானா எடுத்துட்டா!" என்று லௌரி கரண்டியைக் கீழே போட்டான்.

"நாயச் சுட்டது தப்புதான்" என்று அத்தான் ஆரம்பித்தார். நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, வைக்கோல் சரசரக்க அக்காவின் காலடியில் போய் உட்கார்ந்தேன். அவள் கை பனிக்கட்டியாய்ச் சில்லிட்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

"வெள்ளிக்கிழமை நானும் கப்பல்ல வரேன்க்கா."

"கப்பல் ஏறினா வாந்தி எடுப்பியே நீ."

"எடுத்துட்டுப் போறேன்."

அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. என் தலையில் ஒட்டியிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். பிறகு மெதுவாகக் குனிந்து, மற்ற இருவருக்கும் கேட்காதபடி என் காதில் சொன்னாள்:

"எனக்குப் பயமா இருக்குடி, ஓஸ்லா."