இடுப்புக்கயிறு

விமானம் தரையிறங்க இன்னும் நாற்பத்தொரு மணி நேரம் இருந்தது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் காலை ஷிப்ட் முடித்து அவள் வீட்டுக்கு வந்தபோது, மாமனார் கொல்லையில் துணிக்கொடியை அவிழ்த்துவிட்டு, இடத்தைச் சுத்தமாகப் பெருக்கி வைத்திருந்தார்.

"வாம்மா சயின்டிஸ்டு. கையக் கழுவிட்டு ஓடி வா. இன்னைக்கு நிக்க வச்சுப் பாத்துடலாம். சனிக்கிழமை பய வந்து எறங்கும்போது கூடாரம் ரெடியா நிக்கணும்."

பய என்றது அவர் மகனை. அவள் கணவனை. ஒப்பந்த வேலைக்கென்று கடல் தாண்டிப் போய் இரண்டு வருடமாகிறது. விடுமுறைக்கு வரும்போது மூன்று பேருமாக ஏரிக்கரையில் போய்த் தங்கலாம் என்று அவன்தான் ஒரு வீடியோவை அனுப்பினான். யர்ட் என்று பெயர். மேய்ப்பர்கள் போகிற இடமெல்லாம் கொண்டுபோகிற வட்டக் கூடாரம். கைக் கருவிகளே போதும், வீட்டிலேயே செய்துவிடலாம் என்றான். "கடையில ஒரு டென்ட் வாங்கினா வேலை முடிஞ்சுது" என்று முதலில் முனகியவர் மாமனார்தான். ஆனால் முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவருக்குக் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. மறுநாளே ஒரு ரம்பமும் கை டிரில்லும் வாங்கி வந்தார்.

இரண்டு பேருக்கும் மரவேலையில் அரிச்சுவடி கூடத் தெரியாது. சுவருக்கு, ரீப்பர் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, ஓட்டை போட்டு, ஓட்டைக்கு ஓட்டை கயிற்றால் முடிய வேண்டும். இழுத்தால் மடக்குக் கதவு மாதிரி விரியும். மாமனார் ஒவ்வொரு ஓட்டையையும் அதற்கு முந்தைய ஓட்டையிலிருந்து அளந்து போட்டார். மயிரிழை மயிரிழையாகப் பிசகு கூடிக்கொண்டே போய், கட்டையின் கடைசியில் விரல் அகலத்துக்கு வந்து நின்றது. அப்படி முடிந்த முதல் தட்டி பாதிக்கு மேல் விரியவே இல்லை.

"என் முட்டி மாதிரியே இருக்குது" என்றார்.

ஒரே ஒரு கட்டையைச் சரியாக அளந்து, மற்றதை எல்லாம் அதன்மேல் வைத்துத் துளைக்கலாம் என்று அவள் சொன்னாள். அன்றிலிருந்துதான் அவள் சயின்டிஸ்டு.

பத்துப் பன்னிரண்டு நாளைக்கு முன் கணவன் கூப்பிட்டான். அவள் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கீழே மாமனார் கூரைக்கம்புகளின் நுனியைச் சீவிக்கொண்டிருந்தார். அவன் நிறையப் பேசினான். கடைசியில், "அப்பாகிட்ட நீயே சொல்லிடு. நீ பக்குவமா சொல்லுவே" என்று வைத்துவிட்டான்.

சனிக்கிழமை விமானத்தில் அவன் இல்லை. அதைக்கூடச் சொல்லிவிடலாம். ஏன் இல்லை என்று மாமனார் கேட்பார். அதற்கு ஒரு பதில்தான் இருந்தது. அதைச் சொல்லிவிட்டால், இந்த வீட்டில் நான் யார் என்ற கேள்வி அடுத்து வந்து நிற்கும். தினமும் தொண்டை வரை வந்தது. தினமும் விழுங்கினாள். "பய போனே எடுக்க மாட்டேங்கிறானே" என்று அவர் கேட்டபோது, "வேலை ஜாஸ்தி மாமா" என்றாள். நம்பினார். அதுதான் தாங்க முடியவில்லை.

அவள் கை கழுவிவிட்டு வந்ததும் தட்டிகளை வட்டமாக விரித்து நிறுத்தினார்கள். இரண்டு முனையையும் கதவுச் சட்டத்தில் கட்டினார்கள். நடுவில் ஸ்டூல் போட்டு, அவள் ஏறி நின்று, கூரை உச்சிக்கான மர வளையத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். கூரைக்கம்பின் சீவிய நுனியை வளையத்தின் ஓட்டையில் செருகி, மறுமுனையைச் சுவரின் உச்சியில் மாட்ட வேண்டும். ஒன்று இந்தப் பக்கம், அடுத்தது நேர் எதிரே.

"வீடியோவுல மூணு பேரு நிக்கிறாங்க, பாத்தியா?" என்றார் மாமனார், கம்பைத் தூக்கிக்கொண்டு சுற்றி ஓடியபடி.

"நாம ரெண்டு பேருதானே மாமா."

"நான் ரெண்டு ஆளுக்குச் சமம். சாப்பாட்டுல."

ஆறாவது கம்பை மாட்டியதும் சுவர் முனகியது. முடிச்சுகள் ஒவ்வொன்றாக நெறிந்தன. மாமனாருக்குப் பக்கத்தில் தட்டி மெல்ல வெளிப்பக்கம் சாய ஆரம்பித்தது. அவர் வெளியே பாய்ந்து, இரண்டு கையையும் அகல விரித்து அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வளையம் அவள் உள்ளங்கையில் சட்டென்று கனத்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கூரையின் பாரம் கம்பு வழியாக இறங்கிச் சுவரை வெளியே தள்ளும். அதைத் தடுக்கத்தான் சுவரின் உச்சியைச் சுற்றி ஒரு கயிறு. கம்பு மாட்டுவதற்கு முன்பே கட்டியிருக்க வேண்டும். நேற்று அவளே அதைச் சுருட்டி நாற்காலிமேல் வைத்தாள். எதை நினைத்துக்கொண்டு வைத்தாளோ.

"மாமா, கயிறு கட்டல."

"எந்தக் கயிறு?"

"சுத்திக் கட்டுற இடுப்புக்கயிறு. அதான் மொதல்ல கட்டணும். நான் மறந்துட்டேன்."

"மேட்டுல ஹேண்ட்பிரேக் போடாம வண்டிய நிறுத்திட்டோம்னு சொல்லு."

நாற்காலி அவருக்கு நாலடி தள்ளி இருந்தது. காலை நீட்டி அதை இழுக்கப் பார்த்தார். செருப்பு பட்டதும் நாற்காலி இன்னும் தள்ளிப் போனது.

"ஏங்க! யாராவது இருக்கீங்களா?" என்று மதில் பக்கம் திரும்பிக் கத்தினார். ஒரு நாய் பதில் சொன்னது.

"எல்லாரும் வேலைக்குப் போயிருப்பாங்க மாமா."

"நான் விட்டா என்ன ஆகும்?"

"சுவரு சாஞ்சிடும். கம்பெல்லாம் என் தலையில."

"நீ விட்டா?"

"வளையம் கீழ வந்துடும். அதுவும் என் தலையிலதான்."

"அப்ப ரெண்டு பேருமே விட வேணாம்."

சிரிக்கப் பார்த்தாள். தோள்பட்டையில் தீ வைத்தாற்போல் இருந்தது. அவர் தட்டியின் கட்டங்கள் வழியாக அவளைப் பார்த்தார். தைரியம் சொல்வதற்காகவோ என்னவோ, பேசிக்கொண்டே இருந்தார்.

"இன்னொரு ஆளு இருந்தா ஒரு நிமிஷ வேலை. பரவால்ல, நாளன்னிக்குப் பய வந்துடுவான். வாடகை வேன் ஒண்ணு சொல்லி விடியக்காலம் நாலு மணிக்கே எடுத்துடறேன். நீயும் வந்துடு, உன்னைப் பாக்கலன்னா அவன் மூஞ்சி சுண்டிப் போயிடும். ஆமா, என்ன வாங்கிட்டு வர்றானாம்? உன்கிட்ட மட்டும் சொல்லியிருப்பானே?"

இந்தப் பேச்சு வந்தபோதெல்லாம் எழுந்து போக ஏதாவது ஒன்று இருந்தது. அடுப்பில் பால் பொங்கும். மாடியில் துணி நனையும். இப்போது இரண்டு கையும் தலைக்கு மேல் இருந்தன. கண்ணில் வழிந்ததைத் துடைக்கக்கூட வழியில்லை. அது தட்டியின் கட்டங்கள் வழியாக அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"என்னம்மா, கை வலிக்குதா? விட்டுடாத. கொஞ்சம் பொறுத்துக்க. ஏதாவது வழி பண்றேன்."

"விடல மாமா. நீங்களும் விட்டுடாதீங்க."

"நான் எங்க விடப் போறேன்?"

"அவரு சனிக்கிழமை வரல. இனிமே வரவே மாட்டாரு. அங்க ஒருத்தியோட குடும்பம் நடத்துறாரு மாமா. போன மாசம் பொண்ணு பொறந்திருக்கு."