மலைக்கென்று வைத்திருந்த உடம்பு

கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு வந்து இறங்கிய அன்புமொழியைச் சக்கர நாற்காலியில் வைத்துத்தான் வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். கையை ஆட்டியபடி நின்றிருந்த அப்பா சவரியப்பன், நாற்காலியைப் பார்த்ததும் கையை இறக்கிக்கொண்டார்.

"விழுந்துட்டியா ஆத்தா?"

"விழலப்பா. பந்தயத்துல மலை ஏறிக்கிட்டே இருந்தேன். திடீர்னு இடுப்புல பிடிச்சிருச்சு. கால ஊனவே முடியல."

அவளுக்கு வயது இருபத்தொன்பது. சைக்கிள் பந்தயம்தான் பிழைப்பு. தாய்லாந்தில் இருக்கும் ஒரு சிறிய பெண்கள் அணிக்குச் சம்பளத்துக்கு ஓட்டினாள். சமதளத்தில் பறக்க அந்த அணியில் வேறு ஆட்கள் இருந்தார்கள். சாலை மலையில் ஏறத் தொடங்கியதும் அவர்கள் பின்தங்கிவிடுவார்கள்; அங்கிருந்து அன்புமொழியின் வேலை தொடங்கும்.

கீரமங்கலத்துப் பெண் மலையேற்றத்தில் பேர் வாங்கியது ஊருக்கே வேடிக்கையாக இருந்தது. அங்கே மேடு என்றால் குளத்துக் கரைதான். கல்லூரியில் படிக்கும்போது ஏற்காட்டில் நடந்த ஒரு சைக்கிள் போட்டிக்கு ஆள் குறைகிறது என்று அழைத்துப்போனார்கள். மற்றவர்கள் மூச்சு வாங்கி நின்ற வளைவுகளில் அவள் பாட்டுக்கு ஏறிக்கொண்டே போனாள். அன்றைக்கு முடிவானது அவள் தொழில்.

மலை ஏறுகிறவர்களுக்கு உடம்பில் ஒரு கிலோ கூடினாலும் அது மலை முழுக்கச் சுமக்க வேண்டிய ஒரு கிலோ. முதல் வருடமே பயிற்சியாளர் அதைச் சொல்லிவிட்டார். அவள் சோற்றை எடை போட்டுச் சாப்பிடப் பழகினாள். பிறகு சோற்றையே விட்டாள். பசியோடு படுத்து, பசியோடு எழுந்து, பசியோடு மலை ஏறினாள். வியட்நாமில் ஒரு பந்தயத்தில் மலை முகட்டை முதலில் தொட்டு, மேடையில் பூங்கொத்தோடு நின்றபோது, பக்கத்தில் யாரோ தின்றுகொண்டிருந்த ரொட்டியின் வாசனைதான் அவள் மனதில் இருந்தது. அந்தப் படத்தைப் பெரிய ஃப்ளெக்ஸாக அடித்துக் கடைவீதியில் கட்டினார்கள். படத்தில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

திருச்சியில் டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அம்மா சந்தனமேரியும் கூட இருந்தாள்.

"தொடை எலும்பு இடுப்புல சேர்ற இடத்துல விரிசல். அடிபட்டு வந்தது இல்ல, சத்து இல்லாம எலும்பு தேஞ்சு வந்தது. இந்த வயசுக்கு உள்ள எலும்பே இல்லம்மா இது." பிறகு குரலைத் தணித்துக் கேட்டார். "மாசா மாசம் சரியா வருதா?"

"இல்ல சார். நின்னு ரெண்டு வருசத்துக்கு மேல இருக்கும்."

சந்தனமேரி மகளைத் திரும்பிப் பார்த்தாள். ஊருக்குத் திரும்பும் வழியில், வண்டி ஆலங்குடியை நெருங்கும்போது கேட்டாள்.

"எங்கிட்டச் சொல்லணும்னு தோணலையா பாப்பா?"

"ஓட்டுற பொண்ணுகளுக்கெல்லாம் அப்பிடித்தாம்மா. எல்லாருக்கும் நின்னுரும்."

"எல்லாருக்கும்னா சரியாப் போயிருமா?"

அன்புமொழி ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

ஊன்றுகோலோடு வீட்டுக்குள் கிடந்த நாட்களில் அம்மா வேளை தவறாமல் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். ஒருவேளைக்கு மீன்குழம்பு, இன்னொரு வேளைக்கு முட்டை, இடையில் பலாச்சுளை. முதலில் அன்புமொழிக்கு ஒவ்வொரு வாயும் பயமாக இருந்தது. பலாச்சுளையை வாயில் போட்டதும் அழுகை வந்தது. அம்மா பார்க்காத மாதிரி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பயிற்சியாளர் வாராவாரம் போன் செய்தார். கெட்டவர் இல்லை; வலி எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்பார். அடுத்த கேள்வி எடை. அவள் ஒருமுறை உண்மையைச் சொன்னாள். "பரவாயில்லை, குறைத்துவிடலாம்" என்றார் அவர்.

கோல் இல்லாமல் நடந்து, பிறகு சைக்கிள் மிதித்து, வெயில் தணிந்த ஒரு மாதத்தில் டாக்டர் சரி என்று தலையசைத்தார். அணிக்குத் திரும்புவதற்கு முன் ஒரு மலை ஏறிப் பார்க்க வேண்டும். அதற்கு அவளுக்குப் பழகிய இடம் கொல்லிமலை. அப்பா தன் லோடு வண்டியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டார். ஒவ்வொரு விடுமுறையிலும் அதுதான் வழக்கம். அவள் முன்னால் ஏறுவாள். பின்னால் வரும் வண்டிகள் அவளை நெருக்காதபடி அவர் லோடு வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டு வருவார்.

அடிவாரத்தில் கால்கள் நன்றாகவே சுற்றின. இடுப்பில் வலி இல்லை. மூச்சும் சீராக இருந்தது. வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. பாதி மலைக்கு மேல், குரங்குகள் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருந்த ஒரு வளைவில், அவள் மிதிப்பதை நிறுத்திக் காலை ஊன்றினாள்.

சவரியப்பன் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஓடி வந்தார்.

"வலிக்குதா?"

"இல்லப்பா."

"மூச்சு முட்டுதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. அலுப்பா இருக்கு. மேல ஏறி என்ன பண்ணப் போறேன்னு இருக்கு."

சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் கீழே உட்கார்ந்தாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே கடந்துபோனது.

"நா ஒண்ணு சொல்றேன். கோவிச்சுக்காத," என்றார் அவர். "எனக்கும் அலுத்துப்போச்சு. இந்த வளைவுலயெல்லாம் ஒன் பின்னாடி வாரப்ப, முன்னால லாரி வந்துருமோன்னு நெஞ்சு அடிச்சுக்கிட்டே வரும். வீட்டுக்குப் போயி படுத்தாலும் அடங்காது."

"ஏம்ப்பா சொல்லல?"

"நீ ஆசையா ஏறுறேன்னு நெனச்சேன்."

"ஆசையாத்தான் ஏறுனேன்," என்றாள் அவள். கொஞ்சம் கழித்து, "மொதல்ல," என்று சேர்த்துக்கொண்டாள்.

இருவருமாகச் சைக்கிளைத் தூக்கி வண்டியில் வைத்தார்கள். இறங்கும் வழியெல்லாம் அவள் தூங்கினாள். முசிறியில் டீ குடிக்க எழுப்பியபோதும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் பயிற்சியாளரை அழைத்து, வரவில்லை என்று சொன்னாள். அவர் கெஞ்சுவார், ஒரு மாதம் யோசி என்பார் என்று எதிர்பார்த்து, பதில்களைத் தயாராக வைத்திருந்தாள். அவர் புரிகிறது என்றார். நல்ல உழைப்பாளி என்றார். சைக்கிள் அணிக்குச் சொந்தமானது, வசதிப்பட்டபோது அனுப்பிவிடு என்றார். பேச்சு அவ்வளவு சீக்கிரம் முடிந்ததுதான் அவளைச் சுட்டது. அன்று மாலை வரை போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்பா எங்கிருந்தோ ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். சக்கரங்களைக் கழற்றி, பழைய சேலைத் துணி சுற்றி, சைக்கிளை உள்ளே வைத்து ஒட்டினார்கள்.

அடுத்த வருடம் ஆலங்குடியில் ஒரு பள்ளியில் அவளுக்கு விளையாட்டு ஆசிரியை வேலை கிடைத்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே போனால் மாலையில் இடுப்பு கடுக்கும். இரவில் ஒன்பது மணிக்கே கண் சொருகிவிடும். இத்தனை வருடத் தூக்கமும் பாக்கி இருக்கிறது என்பாள் அம்மா.

ஒரு சனிக்கிழமை, அவளுடைய பழைய அணி ஓடும் பந்தயத்தை அப்பா போனில் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். மலை ஏற அவர்கள் புதிதாக எடுத்திருந்த பெண் மணிப்பூர்க்காரி. இருபது வயதுகூட இருக்காது. எல்லோரையும் பின்னால் விட்டுத் தனியாக ஏறிக்கொண்டிருந்தாள். களைத்தவர்களுக்கு ஆடும் தோள் அவளுக்கு அசையவில்லை.

"நல்லா ஏறுறாப்பா," என்றாள் அன்புமொழி. பொறாமை வருமா என்று தன்னையே பார்த்தாள். வரவில்லை. அந்தப் பெண்ணின் துருத்திய கன்னத்து எலும்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலையில ஏதாச்சும் சாப்புட்டிருக்குமா அந்தப் புள்ள?" என்றார் சவரியப்பன்.

அன்புமொழி பழைய எண்களைத் தேடி, அணியில் உடன் ஓட்டிய ஒருத்தியிடமிருந்து அந்தப் பெண்ணின் எண்ணை வாங்கினாள். பந்தயம் முடிந்திருக்கும் நேரத்தில் அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. சாயங்காலம் மறுபடி கூப்பிடலாம் என்று போனை சார்ஜில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள்.