மூத்தவனுக்கு இரண்டு பங்கு

அன்று காலை கண்ணாடிக் கடையின் முன்னறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். அறுபத்தாறு வயதிலும் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்காரும் பெரியவர். அவருடைய தம்பி. நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தங்கை. பத்திரம் எழுதுபவர். ஐந்தாவது ஆள் வாசலிலேயே நின்ற ஸ்கூல் வேன் டிரைவர். அப்பாவுக்கு முதல் மனைவி வயிற்றில் பிறந்த மகன். வேறு யாரும் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

அப்பாவின் உயிலில் கடை ஐந்து பங்கு. மூத்த மகனுக்கு இரண்டு, மற்ற மூவருக்கும் ஆளுக்கு ஒன்று. பெரியவர் நாற்பது வருடம் நின்று கண்ணாடி வெட்டிய மேசையும் அது கிடக்கும் முன்னறையும் மூத்தவன் பங்கு.

"மூத்த மகன்னு மட்டும் இருக்கு, பேர் இல்ல. யார் பேரைப் போடட்டும்?" என்றார் பத்திரக்காரர்.

"இதென்ன கேள்வி? இந்தத் தெருவுக்கே இவர்தான் பெரியண்ணன்," என்றார் தம்பி.

"தெருவுக்குப் பெரியண்ணன்தான், யார் இல்லேன்னா? வீட்டுக்கு?" என்றாள் தங்கை.

வாசலில் நின்றவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு எதுவும் வேணாம்மா. நீ கூப்பிட்டேன்னு வந்தேன். பன்னெண்டு மணிக்குப் பிள்ளைங்கள ஏத்தணும். ரெண்டு நிமிஷம் லேட்டானா என்னைத் தின்னுடும்ங்க."

"அவரே வேணாங்கிறார்ல?" என்று தம்பி பேனாவை நீட்டினார்.

பெரியவர் வாங்கவில்லை. அப்பா சட்டம் வாசித்த நாட்கள் நினைவுக்கு வந்தன. சாப்பாடு முடிந்து தட்டுகளை எடுத்ததும் பைபிளில் இஸ்ரவேலரின் பழைய சட்டமான நியாயப்பிரமாணத்தை அப்பா திறப்பார், தினம் ஓர் அதிகாரம். வயலின் ஓரத்தை அறுக்காமல் ஏழைக்கு விட வேண்டும். எல்லைக் கல்லை நகர்த்தக்கூடாது. ஒரே சாட்சியை வைத்து ஒருவனைக் குற்றவாளி ஆக்கக்கூடாது. முட்டும் மாடென்று தெரிந்தும் கட்டாமல் விட்டவன்மேல்தான் பழி என்ற சட்டம் வந்தபோது, தம்பிக்கு முட்டுமாடு என்றே பெயர் விழுந்தது. கூடப்பிறந்த ஆண் இல்லாத ஐந்து பெண்கள் சபை நடுவே நின்று தகப்பன் நிலத்தைக் கேட்டு வாங்கியது வந்தால், தங்கை தானே வாதாடி ஜெயித்ததுபோல் தலையாட்டுவாள். "அவங்க இருந்தது கூடாரத்துல. கூடாரத்துக்கு ஏது கண்ணாடி? நம்ம குடும்பம் அங்க பட்டினிதான்," என்பார் அப்பா. அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறுவாள். அந்தச் சிரிப்புக்காகவே அப்பா அதை மாதம் ஒருமுறையாவது சொல்வார்.

ஒவ்வொரு முறையும் ஓரிடத்தில் இருபதாம் அதிகாரத்துக்கு மறுநாள் இருபத்திரண்டு வரும். பத்து வயதில் இவர் கேட்டார். "அந்தப் பக்கம் கிழிஞ்சிருக்கு," என்றார் அப்பா. அப்பா இல்லாத மதியம் ஒன்றில் இவர் புரட்டிப் பார்த்தார். பக்கம் முழுசாக இருந்தது. இரண்டு மனைவிகள் உள்ளவன், பிடிக்காதவளின் பிள்ளை மூத்தவனாக இருந்தால், பிடித்தவளின் பிள்ளையை அவனுக்கு முன்னால் வைக்க முடியாது. இரட்டைப் பங்கு அவனுக்கே. மூடி வைத்துவிட்டார். ஐம்பத்தாறு வருடம் யாரிடமும் மூச்சு விடவில்லை.

இந்த டிரைவர் வாலிப வயதில் ஒருமுறை ஜன்னலுக்குக் கண்ணாடி வாங்க வந்தார். மற்றவர்களுக்கெல்லாம் ஒரே இழுப்பில் கோடு போட்டு, ஒரே தட்டில் பிரித்துக் கொடுக்கும் அப்பா, அன்று மூன்று கண்ணாடிகளை உடைத்தார். நான்காவதைப் பெரியவர்தான் வெட்டிக் கொடுத்தார். அப்பா நெடுநேரம் பின்னறையை விட்டு வெளியே வரவில்லை. கடைசியில் உயிலிலும் அந்தப் பெயரை எழுத அவருக்குக் கை வரவில்லை. இன்னொரு பெயரை எழுதவும் மனம் வரவில்லை.

"என்ன வயசு உனக்கு?" என்றார் பெரியவர்.

"அறுபத்தொம்போது."

"பத்திரக்காரரே, இவர் பேரை எழுதுங்க."

"அண்ணே!" என்று எழுந்துவிட்டார் தம்பி. "மேசை போயிடும். ஊர் என்ன பேசும்?"

"நம்ம அப்பா எழுதினத நாமளே வளைச்சா மட்டும் ஊர் மாலை போடுமா? உக்காருடா."

"நான்தான் வேணாம்னேனே," என்றார் டிரைவர்.

"வேணும் வேணாம்னு சொல்ல இது டீக்கடை இல்ல. செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்கண்ணே."

அந்தச் சொல் அவர் வாயிலிருந்து அதுவரை வந்ததில்லை. "இத்தன வருஷமா 'ஏ வேன்காரா'ன்னுதானே கூப்பிட்டே," என்றார் டிரைவர். பிறகு செருப்பைக் கழற்றினார். தங்கை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டார்.

அண்ணன்மேல் இரக்கப்பட்டு, பெரியவர் தன் இரண்டு பங்கில் ஒன்றைத் தானமாகக் கொடுத்துவிட்டார் என்று தெருவில் இன்றும் ஒரு பேச்சு உண்டு. அது பொய். அவர் யாருக்கும் எதையும் தானம் கொடுக்கவில்லை. அவருக்குச் சேர வேண்டியது ஒரு பங்கு, பின்னறை. அதை முழுசாக வாங்கிக்கொண்டார்.