குறுக்கே வெட்டிய முத்திரை

சிவாஜினி வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே குசினியிலிருந்து மாமனார் கூப்பிட்டார். "பிள்ளை, ஓடி வந்து பாரும். எல்லாத்தையும் வடிவாக் கழட்டி வைச்சிருக்கிறன்."

மாமனார் அருளம்பலம் கோடைக்கு டொரொண்டோவிலிருந்து லாசாலில் இருக்கும் மகன் வீட்டுக்கு வந்து நிற்கிறார். சும்மா இருக்கத் தெரியாத மனிதர். சாப்பாட்டு மேசையில் விரித்த துவாயின் மேல் ஈர முத்திரைகள் காய்ந்துகொண்டிருந்தன. எல்லாம் கோல்ட் கோஸ்ட் முத்திரைகள். இன்றைய கானா பிரித்தானியரிடம் இருந்த காலத்தவை. சனிக்கிழமை முத்திரைச் சங்கத்தின் கண்காட்சிக்கென்று கடித உறைகளோடு அவள் எடுத்து வைத்திருந்தவை.

உறைகளைக் காணவில்லை.

"மாமா, என்வலப்புகள் எங்கை?"

"அந்த ஊத்தைக் கடதாசியளோ? முத்திரையை ஊற வைச்சுக் கழட்டிப்போட்டு எறிஞ்சிட்டன். பள்ளிக்கூடத்திலை நாங்கள் அப்பிடித்தானே சேர்த்தனாங்கள்."

அவள் வெறுங்காலோடு ஓடிப்போய் மீள்சுழற்சிக் குப்பைக்கான நீலத் தொட்டியைக் கவிழ்த்தாள். பால் பெட்டிகளுக்கும் விளம்பரத் தாள்களுக்கும் நடுவே உறைகள் களியாகிக் கிடந்தன. முகவரிகள் நீலமாகக் கரைந்திருந்தன. ஒன்று மட்டும் கரையாமல் இருந்தது, முத்திரை இருந்த மூலைதான் வெறுமையாகக் கிடந்தது. அதுதான் அவளுடைய உயிர். ஒரு பென்னி முத்திரைக்குத் தட்டுப்பாடு வந்தபோது, இரண்டு பென்னி முத்திரையைக் குறுக்கே வெட்டி, பாதியை ஒட்டி அனுப்பிய கடிதம். தபால் சீல் பாதி முத்திரையிலும் பாதி உறையிலும் விழுந்திருந்தது. அப்படிச் சேர்ந்திருந்தால்தான் அது அந்தக் காலத்திலேயே போன கடிதம் என்பதற்குச் சாட்சி. பிரித்துவிட்டால் வெறும் துண்டு.

"அந்தப் பாதி முத்திரை?"

"கிழிஞ்சதோ? அதையேன் வைச்சிருக்கிறீர் எண்டு எறியப் பாத்தன். பேந்து உமக்கு வேணுமோ எண்டு எடுத்து வைச்சன்."

ஏசவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. மனிதர் பாராட்டை எதிர்பார்த்து நின்றார்.

இரவுச் சாப்பாட்டில் கணவன் ரதீசன் சுலபமாக வழி சொன்னான். "திருப்பி ஒட்டிவிடுமன். சீல் வடிவாப் பொருந்துதுதானே. ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்," என்றாள். "நானே ஒட்டினா அது கள்ளச் சாமான்."

"அப்ப அப்பாவை என்ன செய்யச் சொல்லுறீர்?"

"ஒண்டும் செய்ய வேண்டாம் எண்டுதான் சொல்லுறன். ஒண்டையும் தொடாமல் இருக்கச் சொல்லுங்கோ."

பாதி முத்திரைக்கென்று ஒதுக்கிய பக்கத்தை எடுத்துவிட்டு, மிச்ச முத்திரைகளை நெருக்கி அடுக்கிக் கண்காட்சிச் சட்டத்தில் மாட்டினாள். சனிக்கிழமை அருளம்பலமும் மடிப்புக் குலையாத சேட்டோடு கூடவே வந்தார். சங்கத்தின் முதியவர் ஒருவர் பொன்ஜூர் சொல்லிவிட்டு, வெட்டிய முத்திரை எங்கே, அதைப் பார்க்கத்தான் வந்தேன் என்று பிரெஞ்சில் கேட்டார். அவள் சொற்களைத் தேடுவதற்குள் மாமனார் ஆங்கிலத்தில் முந்திக்கொண்டார். "எல்லாம் நான்தான் சுத்தம் பண்ணினது!"

முதியவரின் முகம் போன போக்கை அவள் பார்த்தாள்.

"மாமா, நீங்கள் போய் ஒரு கோப்பி குடிச்சிட்டு வாங்கோ."

அவர் போனார். ஆனால் தன்னை அப்படி வெளியே அனுப்பியது அவருக்குப் பெரிய மனத்தாங்கல். வீடு திரும்பும்போது முன் இருக்கையை விட்டுவிட்டுப் பின் இருக்கையில் ஏறிக்கொண்டார். அவள் சட்டத்தை முன் இருக்கையில் வைத்துவிட்டுக் காரை எடுத்தாள்.