பொத்தான் டப்பாவில் இருந்த எழுத்துகள்

தையல்காரியின் மூத்த மகள் புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் தரையில் கொட்டிவிடும். முதல் வகுப்பிலிருந்தே அப்படித்தான். வரிகள் ஒரு பக்கமாகச் சரியும், பிறகு மணிமாலை அறுந்ததுபோலப் பொலபொலவென்று விழும். வீட்டில் யாரும் அதை அதிசயமாக நினைக்கவில்லை, பெருக்குகிற வேலை கூடிப்போனது என்றுதான் நினைத்தார்கள். சாயங்காலம் அம்மா கூட்டித் தள்ளியதில் துணி வெட்டல்கள் குப்பைக்குப் போகும், எழுத்துகள் பொத்தான் டப்பாவுக்குப் போகும். பாவாடை இடுப்புக்கு 'ட' நல்ல கொக்கியாக இருந்தது. தம்பியின் சட்டையில் மூன்று பொத்தான் ஒன்றாகக் கழன்றபோது ஓர் ஆய்த எழுத்தைத் தைத்துக் கொடுத்தாள். கொஞ்சம் கோணலாகத்தான் பூட்டியது, ஆனால் எத்தனை முறை துவைத்தும் உடையவில்லை.

மகளுக்குப் பதின்மூன்று வயதானபோது விஷயம் முற்றியது. தலைமையாசிரியை அம்மாவைக் கூப்பிட்டனுப்பி, லீவு முடிந்து வந்ததும் தன் முன்னால் ஒரு பக்கம் வாசித்துக் காட்ட வேண்டும், இல்லையென்றால் இரண்டு வகுப்பு கீழே உட்காரவைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றார். இரண்டு வகுப்பு கீழே என்றால் தம்பியின் வகுப்பு.

"என் பெஞ்சுல இடமில்லக்கா. வேணும்னா தரையில உக்காரு, உன் எழுத்துங்களுக்குத் துணையா இருக்கும்" என்றான் தம்பி. அம்மா அவனைத் திட்டினாள். வாயில் குண்டூசிகள் இருந்ததால் என்ன திட்டினாள் என்று யாருக்கும் புரியவில்லை. அக்காவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அப்புறம் குளியலறைக்குப் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு அழுதாள்.

லீவில் அவள் நூலகத்தின் பின்னறைக்குப் போனாள். அங்கே ஒரு பழைய கணினியும் இரண்டு ஹெட்ஃபோனும் இருந்தன. திரையில் படம் அசையும், ஒரு பெண்குரல் கதையை வாசிக்கும், குரல் தொடுகிற சொல் மட்டும் மஞ்சளாகும். நூலகத்து உதவியாளர் அக்கா, பஸ் ஹாரன் கேட்காமல் இருப்பதற்காகத் தன் வீட்டுத் துணி அலமாரிக்குள் உட்கார்ந்து பதிவு செய்த கதைகள் அவை. அந்த எழுத்துகளும் விழத்தான் செய்தன. ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் என்பதால் திரையின் அடியில் குவிந்து கிடந்து, குரல் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொன்றாக எழுந்துபோய்த் தன் இடத்தில் நின்றன.

இன்னொரு ஹெட்ஃபோன் பேக்கரிக்காரருடையது. வேறு மொழி பேசுகிற ஊரிலிருந்து வந்தவர், கடைக்கு ஆள் வராத மத்தியானங்களில் மொழி கற்றுக்கொண்டிருந்தார். இருவருக்கும் பிடித்தது குடையைத் தொலைத்த நத்தையின் கதை. அதில் நாலாவது படத்தில் குரல் தடுமாறும். "நத்தை வடக்கே நடந்தது... அய்யோ, தப்பு, மறுபடி. நத்தை தெற்கே நடந்தது." அலமாரிக்குள் இருந்த வெக்கையில் அக்கா அதை வெட்ட மறந்துவிட்டிருந்தார். பேக்கரிக்காரர் அதை இந்த மொழிக்காரர்களின் மரியாதை என்று எடுத்துக்கொண்டார். ரொட்டி கேட்டவருக்கு பன் கொடுத்துவிட்டால் நெஞ்சில் கை வைத்து, "அய்யோ, தப்பு, மறுபடி" என்று சொல்லி மாற்றிக் கொடுத்தார்.

அவளுக்குக் கேட்கவே கூச்சமாக இருந்தது. "அங்கிள், அது கதையில வர்றது இல்ல. அந்த அக்கா படிக்கறப்போ தப்பு பண்ணிட்டாங்க, வெட்ட மறந்துட்டாங்க."

அவர் ஹெட்ஃபோனைக் கழற்றினார். "தப்பா? நான் தினமும் சொல்றேன். யாரும் அடிக்கல."

லீவு முடிந்தது. தலைமையாசிரியையின் அறையில் அவள் புத்தகத்தைத் திறந்தாள். தம்பி வேடிக்கை பார்க்க ஜன்னலில் தொற்றிக்கொண்டிருந்தான். முதல் இரண்டு வரி நின்றது. மூன்றாவது சரிந்தது. ஒரு 'ன' பக்கத்தின் ஓரத்தில் தொங்கியது, மற்றவை மேஜையில் உருண்டு தரையில் விழுந்தன. அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அந்த நாக்கைப் பிரித்தெடுத்து, அலமாரிக்குள் இருந்த அக்காவின் அதே குரலில் சொன்னாள்:

"அய்யோ, தப்பு, மறுபடி."

எழுத்துகள் பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டதுபோல நின்றன. 'ன' கையூன்றி மேலே ஏறியது. தரையில் கிடந்தவை மேஜைக்காலைப் பிடித்து ஏறி வந்தன. தலைமையாசிரியை அவற்றுக்கு வழிவிட்டு முழங்கையைத் தூக்கிக்கொண்டார். அவள் முதலிலிருந்து வாசித்தாள், தடுக்கியது, மறுபடி வாசித்தாள். மணி அடித்தும் யாரும் எழுந்துபோகவில்லை. கடைசி வரிக்கு வந்தபோது தம்பியின் சட்டையிலிருந்த ஆய்த எழுத்து நூலை அறுத்துக்கொண்டு தன் புத்தகத்தைத் தேடிப் போய்விட்டது.

"நீ உன் வகுப்புக்கே போம்மா" என்றார் தலைமையாசிரியை. ஜன்னல் பக்கம் திரும்பி, "டேய், நீ முதல்ல சட்டையை மூடு" என்றார்.

அன்று சாயங்காலம் பொத்தான் டப்பா காலியாகக் கிடந்தது. இரண்டு வாடிக்கையாளர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்கள், அம்மா நிஜக் கொக்கி வாங்கத் தெருமுனைக்கு ஓடினாள். ஒரு வருஷம் கழித்து நூலகத்து அக்கா தன் தவறைக் கண்டுபிடித்து வெட்ட வந்தார். ஹெட்ஃபோனுக்கு வரிசையில் நின்ற பிள்ளைகள் கணினியைச் சுற்றி நின்றுகொண்டு வெட்ட விடவில்லை. பேக்கரித் தெருவில் இப்போது எல்லோருமே அப்படித்தான் மன்னிப்புக் கேட்கிறார்கள். அவள் கல்லூரிக்குப் போனாள், வேலைக்கும் போகிறாள். களைத்த நாட்களில் எழுத்துகள் இன்னும் கொட்டத்தான் செய்கின்றன. அவள் மறுபடி என்கிறாள், அவை ஏறி வருகின்றன. அவை வந்து சேர்வதற்குள் அவள் டீயை ஆற்றிக் குடித்துவிடுகிறாள்.